வழியனுப்பாத வெளிச்சம்

காரைப்பாளையத்துப் பழைய மில்லுக்குள் வெளிச்சம் வந்து தங்கிவிட்டதற்கு யார் காரணம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மேனேஜரைச் சொல்வார்கள், மெட்ராஸிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அம்மாவைச் சொல்வார்கள், பஸ் கிடைக்காமல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்த குருக்களைக்கூடச் சொல்வார்கள். ஆனால் கண்ணாடிக் கூரை மாட்டிய மேஸ்திரி நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரியும், எல்லாம் தன் வாய்க்கொழுப்பால் வந்தது என்று.

அந்த மில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கருங்கல் சுவர், வார்ப்பிரும்புத் தூண்கள், ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக ஏறி இறங்கும் கூரை, அந்தப் பல் ஒவ்வொன்றிலும் வடக்குப் பார்த்த கண்ணாடி. வெயில் வெளியே நிற்கட்டும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரட்டும் என்று கணக்குப் பண்ணிக் கட்டியிருந்தார்கள். உலகப்போர் சமயத்தில் குண்டு போட வருகிறவனுக்கு இடம் தெரிந்துவிடக் கூடாதென்று அத்தனை கண்ணாடிக்கும் தார் பூசினார்கள். போர் முடிந்தது, தாரைச் சுரண்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குழல்விளக்கு வந்தது, ஸ்டிரைக் வந்தது, கதவடைப்பு வந்தது, அப்புறம் முப்பது வருஷம் வௌவால்கள் மட்டும் ஷிப்ட் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தன.

பிறகு ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி அதை வாங்கியது. சுவரையும் தூண்களையும் தொடக்கூடாது, கூரையை மட்டும் மாற்ற வேண்டும் என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா. மூன்று அடுக்குக் கண்ணாடி, நடுவில் மாவு தூவினாற்போல ஏதோ ஒன்று. வெயில் மேலே எப்படி விழுந்தாலும் கீழே பாலாட்டம் பரவும், பகலில் ஒரு விளக்குப் போட வேண்டியதில்லை, மெஷினுக்கும் மனுஷனுக்கும் நிழல்கூட விழாது என்று லேப்டாப்பில் படம் காட்டினார். நாச்சிமுத்து ஐந்து மாதம் அந்தக் கூரைமேல் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கி, ஓரத்துக்கு சிலிகான் வைத்து, ஒரு சொட்டு மழையும் ஒரு ஊசிக்காற்றும் நுழையாதபடி அடைத்தான். அவ்வளவு கச்சிதமாக அவன் தன் வீட்டுக் கூரையைக்கூட அடைத்ததில்லை.

திறப்பு விழா ஆவணி மாதத்தில். குருக்கள் வந்து பூஜை முடித்த பிறகுதான் கூரைமேல் போட்டிருந்த தார்ப்பாய்களை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குருக்கள் இன்னும் வரவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கோ விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேனேஜர் ரவீந்திரன் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இழுங்கடா என்று கையைக் காட்டிவிட்டார். தார்ப்பாய்கள் சரிந்தன. எண்பது வருஷம் இருட்டிலே கிடந்த தரையின்மேல் வெளிச்சம் மெல்ல, கூச்சப்பட்டுக்கொண்டு வருகிறவர்களைப் போல இறங்கியது.

வாசலில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் நூற்று நாற்பது பேரும் பட்டுச்சேலையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் நாச்சிமுத்துவின் பெண்டாட்டி துளசிமணி, செக்கிங் மேசைக்குச் சேர்ந்திருந்தாள், விருந்தாளிகளுக்காக ஆரத்தித் தட்டு ஏந்தியிருந்தாள். அப்போதுதான் நாச்சிமுத்து உள்ளே விழுந்த வெளிச்சத்தைக் காட்டி வாயைத் திறந்தான்.

“யாருக்கோ எடுக்கறதுக்கு, மொதமொதல்ல ஊட்டுக்குள்ள வந்தவிங்களுக்கு எடு புள்ள.”

துளசிமணி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். விளையாட்டாகச் சொன்னதைக்கூட வினையாகச் செய்வாள். வெளிச்சம் விழுந்த இடத்துக்கு நேராகப் போய் நின்று மூன்று சுற்று ஆரத்தி எடுத்தாள், தரையில் ஒரு பொட்டு வைத்தாள், யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பக்கத்தில் முதலில் கொடுக்கிற மாதிரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாங்க, வாங்க. எல்லாரும் சௌக்கியங்களா? உக்காருங்க, இருந்துதான் போகோணும்,” என்றாள். நூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். விருந்தாளிகள் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சொம்புத் தண்ணீர் பிற்பாடு பார்த்தபோது காலியாக இருந்தது. யாராவது குடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. ரோட்டில் விளக்குப் போட்டார்கள், டீக்கடையில் விளக்குப் போட்டார்கள், மில்லுக்குள் மட்டும் போடவில்லை, ஏனென்றால் காலை பத்து மணிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேனேஜர் ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு போன் போட்டார். அந்த அம்மா அப்படி இருக்க வழியே இல்லை என்றார், மூன்றாம் நாள் நேரில் வந்தார், ராத்திரி ஏழு மணிக்கு வெளிச்சம் அளக்கிற கருவியை மேசைமேல் வைத்துப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அந்தக் கட்டடத்துக்கு ஒரு விருது வந்தது.

ஊரும் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. போர்வெல்லில் ஆயிரம் அடியில் தண்ணீர் வந்தபோது ஆச்சரியப்பட்ட அளவுக்குக்கூட ஆச்சரியப்படவில்லை. ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் உபயோகப்படுத்த ஆரம்பித்தார்கள். அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள் முறத்தோடு வந்தார்கள். ஊசியில் நூல் கோக்க முடியாத வயசானவர்கள் ஊசியோடு வந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கேண்டீனில் பாய் விரித்தார்கள். மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைகளைத் துணி விலக்கிக் கட்டிங் மேசைமேல் கிடத்தினார்கள், நிஜமாகவே குணமானது. பெண் பார்க்க வருகிறவர்களை மில்லுக்கே வரச்சொன்னார்கள், அந்த வெளிச்சத்தில் யார் முகத்திலும் நிழல் விழாததால் எல்லாப் பெண்ணும் லட்சணமாகத் தெரிந்தாள், அந்த ஐப்பசியில் மட்டும் காரைப்பாளையத்தில் பதினோரு கல்யாணம் நிச்சயமானது.

துளசிமணிக்கு ரொம்பச் சந்தோஷம். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, நூல் பிசிறு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. இருபது வருஷமாகப் படுத்திய இடுப்புவலி உள்ளே நுழைந்ததும் நின்றுவிடுகிறது என்று வீட்டில் வந்து சொன்னாள். “பசிக்கறதே இல்லீங்க மாமா. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது, பாத்தீங்களா?” நாச்சிமுத்து பார்த்தான். தன் கைவேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டான்.

முதலில் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள் ஒன்பதுக்கு வந்தாள், பிறகு பத்துக்கு, பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மறுவாரத்திலிருந்து வரவேயில்லை. அவள் மட்டுமில்லை, நூற்று நாற்பது பேரும் வரவில்லை. யாரும் அவர்களைப் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது, சங்கு நேரத்துக்கு ஊதத்தான் செய்தது, மேனேஜரே இரண்டொரு தடவை வீட்டுக்குப் போங்கம்மா என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவரும் உள்ளேயே இருந்துவிட்டார், அவர் சம்சாரம் கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து கேட்டில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, அதுதான் பயங்கரம். புருஷன்மார்கள் சோறு வடிக்கப் பழகினார்கள். பால் குடிக்கிற குழந்தைகளைக் கேட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவந்தார்கள். மில்லுக்குள் வந்த வெளிச்சம் எதுவும் திரும்பிப் போகாததால் வெளியே மிச்சம் குறைந்துகொண்டே போனது. கார்த்திகையில் ஐந்து மணிக்கு இருட்டியது, மார்கழியில் நாலு மணிக்கு, தை பிறந்தபோது மூன்றரைக்கே கோழிகள் பஞ்சாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. மாரியம்மன் கோவிலில் சாயரட்சைப் பூஜையை மூன்று மணிக்கு மாற்றி போர்டு எழுதி வைத்தார்கள். ஸ்கூலை மதியத்தோடு விட்டார்கள். ஏன் என்று யாராவது கேட்டால், மில்லில் வேலை நடக்கிறதல்லவா என்று பதில் சொல்லிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்துவால் அப்படி இருக்க முடியவில்லை. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கவுசல்யாவுக்குத் தையில் வளைகாப்பு. மூன்றாவது நாளாக அவன் சட்டையை மாற்றிக்கொண்டு மில்லுக்குப் போனான். உள்ளே காலை வைத்ததும் கண் கூசியது, பிறகு கூசவில்லை, பிறகு, எதற்கு வந்தோம் என்பதே நழுவப் பார்த்தது. கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு செக்கிங் மேசைக்குப் போனான். துளசிமணி கடைசியாக வீட்டைவிட்டுப் போன அன்று கட்டிய திறப்பு விழாப் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், பனியன் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள, நாளைக்குக் கவுசிக்கு வளகாப்பு. கெளம்பு.”

“அதுக்கென்னங்க மாமா, நாளைக்குத்தானே?”

“நேத்து வந்து கூப்பிட்டப்பவும் நாளைக்குன்னுதான் நீ சொன்னே, முந்தாநேத்தும் சொன்னே. ஆறு மாசமாப் போகுது நீ வேலைக்குச் சேர்ந்து.”

அவள் சிரித்தாள். “இன்னைக்குக் காலைலதான வந்தேன். நீங்க வேற. சாயங்காலம் ஆகட்டும், வந்துர்றேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே இன்னும் ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தான். நூற்று நாற்பது பெண்களும் அதே முகத்தோடு, பசியில்லாமல், வலியில்லாமல், அலுப்பில்லாமல் குனிந்திருந்தார்கள். ஒருத்திகூடக் கண் இமைத்து அவன் பார்க்கவில்லை.

அன்றைக்கே இரண்டு டின் தார் வாங்கிவந்து கூரைமேல் ஏறினான். போர்க்காலத்தில் பூசினதுபோல ஒவ்வொரு கண்ணாடிக்கும் பூசினான், தன் கையால் துடைத்துப் பளபளக்க வைத்த கண்ணாடிகள்மேல் தன் கையாலேயே தாரை இழுத்தான். கடைசிக் கண்ணாடியையும் மூடிவிட்டு இறங்கி ஓடிப்போய்க் கதவுவழியாகப் பார்த்தான். உள்ளே முன்னைப் போலவே வெளிச்சமாக இருந்தது. புதிதாக வருவது நின்றுவிட்டதே தவிர, ஏற்கெனவே வந்தது இம்மியும் அசையவில்லை. துளசிமணி ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

மறுநாள் வளைகாப்புக்கு அவன் தனியாகப் போனான். கேட்டவர்களுக்கெல்லாம் வேலை ஜாஸ்தி என்றான். கவுசல்யா கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ அம்மா ஸ்தானத்தில் நின்று சந்தனம் பூசினார்கள், பெண் அழவில்லை, அழாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சாப்பிட்ட கையோடு கிளம்பினான். சம்பந்தியம்மா ஓடிவந்து மறித்தாள்.

“என்னுங்ணா, சொல்லாமக் கொள்ளாமப் போறீங்க? இருங்க,” என்றவள் வெற்றிலை பாக்கும் தேங்காயும் பழமும் வைத்துப் பையில் போட்டுக் கொடுத்து, “அண்ணிக்குக் குங்குமம் இதுல வெச்சிருக்கேன். போயிட்டு வாங்க,” என்று தெருமுனைவரை கூடவே வந்து வழியனுப்பினாள். “வந்தவிங்கள அனுப்பாம உட்டா எப்படிங்ணா, அவிங்களுந்தான் எப்படிக் கெளம்புவாங்க?”

நாச்சிமுத்து நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டான். ஆரத்தி எடுத்தோம், பொட்டு வைத்தோம், தண்ணீர் கொடுத்தோம், இருந்துதான் போகவேண்டும் என்று சொன்னோம். போயிட்டு வாங்க என்று யார் சொன்னார்கள்? மரியாதை தெரிந்த விருந்தாளி வீட்டுக்காரர் சொல்லாமல் எப்படி எழுந்து போவார்? ஆறு மாதமாக அந்த வெளிச்சம் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. நாள்தோறும் அதைத் தேடிக்கொண்டு வந்த அதன் சொந்தபந்தமும் கூடவே உட்கார்ந்துவிட்டது. அவன் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

காரைப்பாளையம் வந்து சேர்ந்தபோது மணி நாலுதான், ஊர் இருட்டிக் கிடந்தது, மில் கதவு மட்டும் அடுப்பு வாயைப் போல எரிந்தது. அவன் நேராகச் செக்கிங் மேசைக்குப் போய்ப் பையை வைத்தான். அழைத்தவள்தான் அனுப்ப வேண்டும், அதுவும் சுமங்கலி கையால் அனுப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“துளசி, அன்னைக்கு நீ வாங்கன்னு கூப்பிட்டியே, அவிங்கள அனுப்பி வெச்சயா?”

பீஸைத் திருப்பிய கை நின்றது.

“வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்தயா? குங்குமம் குடுத்தயா? வாசல் வரைக்கும் போயிட்டு வந்தயா?”

துளசிமணியின் முகம் வெளுத்தது. பசியும் மகளும் புருஷனும் அசைக்காத முகம் அவமானத்தில் அசைந்தது. “அய்யய்யோ, இல்லீங்களே மாமா. அப்படியே உட்டுட்டனே. என்ன நெனச்சிருப்பாங்க?” என்று எழுந்தாள். எழுந்தவள் ஒரு கணம் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும். அதைப் பார்த்த நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் தட்டு எடுத்தாள், வெற்றிலை பரப்பினாள், தேங்காய் பழம் வைத்தாள், குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள், அன்றைக்குப் பொட்டு வைத்த அதே இடத்தில் கொண்டுபோய் இறக்கி வைத்துக் கும்பிட்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க. வேலை மும்முரத்துல மறந்துட்டோம். போயிட்டு வாங்க,” என்றாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் மூலைகளில் மங்கியது. பிறகு மெஷின் சந்துகளிலிருந்தும் மேசைக்கு அடியிலிருந்தும் தூணுக்குப் பின்னாலிருந்தும் வெளிச்சம் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்களைப் போல எழுந்து, கூடி, நடைபாதை வழியாக வாசலைப் பார்த்து நகர்ந்தது. அது கடந்துபோன இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி ‘அம்மா’ என்று மரத்துப்போன தன் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி என் குழந்தை என் குழந்தை என்று அலறிக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் அதன் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்கள்.

துளசிமணி முறைப்படி கேட் வரைக்கும் கூடவே போனாள். நாச்சிமுத்து இரண்டடி தள்ளி நடந்தான். போய்விட்டது, போய்விட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தான். கேட்டைத் தாண்டிய வெளிச்சம் ரோட்டில் இறங்கியதும் ஒரு கணம் நின்றது. விடைபெறுகிற எவரும் கடைசியாக ஒருமுறை திரும்பி நிற்பார்களே, அப்படி நின்றது. அந்த மாதிரிச் சமயத்தில் இந்த ஊரில் எவரும் என்ன சொல்வார்களோ அதைத்தான் துளசிமணியும் சொன்னாள், யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

“நாங்களும் ஒருநாள் உங்க ஊட்டுக்கு வர்றோமுங்க. எல்லாருமே வர்றோம்.”

பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெளிச்சம் மேற்கே போனது, மலை ஒரு விநாடி பளிச்சென்று தெரிந்தது, பிறகு ஊரில் உண்மையான சாயங்காலம் விழுந்தது.

பெண்கள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினார்கள். மூன்றாம் நாள் ஆறரை மணிக்குத்தான் இருட்டியது, கோழிகள் அதுவரை தெருவில் மேய்ந்தன, மாரியம்மன் கோவில் போர்டை அழித்து எழுதினார்கள். நாச்சிமுத்து கூரைமேல் ஏறித் தாரைச் சுரண்டும் வேலையை ஒத்துக்கொண்டான். துளசிமணி எழுந்து தலைக்குக் குளித்தாள், இடுப்புக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள், கவுசல்யாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் அழுதாள். பெண்டாட்டி வீடு திரும்பிவிட்டாள் என்று நாச்சிமுத்து நிம்மதியாகப் படுத்தான்.

ஒரு வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் அடுப்படியில் பெரிய வாணலி ஏறியிருப்பதைப் பார்த்தான். பாதித் தூக்குவாளி முறுக்கு ஆகியிருந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. திறப்பு விழாப் பட்டுச்சேலை துவைத்து, மடித்து, கட்டில்மேல் தயாராக இருந்தது.

“மகளப் பாக்கப் போறயா?” என்று சந்தோஷமாகக் கேட்டான்.

“அவளுக்கு அடுத்த மாசம் செஞ்சு எடுத்துட்டுப் போலாமுங்க,” என்றாள் துளசிமணி, பிழிந்த முறுக்கை எண்ணெயில் நழுவவிட்டபடி. “இது வேற. அன்னைக்குக் கேட்டுல நின்னு அவிங்ககிட்ட வர்றோம்னு வாய்விட்டுச் சொல்லியாச்சு, வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்குதுன்னு எல்லாரும் பேசி வெச்சிருக்கறோம். மொதத் தடவயாப் போற ஊட்டுக்கு வெறுங்கையோட போறதுங்களா மாமா?”

நாச்சிமுத்து தெருவுக்கு ஓடிவந்தான். மேலத் தெருவிலிருந்து கீழத் தெருவரைக்கும் அத்தனை வீட்டு அடுப்படியிலிருந்தும் எண்ணெய் காய்கிற வாசம் வந்துகொண்டிருந்தது.